தாட்சாவின் பெட்டி

றொக்சன் மயங்கி விழுந்த அன்று யோசெப்பின் பல் பிடுங்கப் போயிருந்தாள்.

கியூபெக்கில், சென்ட் லோரன்டில் இருக்கும் அந்த உயர்நிலைப் பள்ளியில் அவள் பதினான்கு வருடமாக மேற்பார்வையாளர். பாடம் எடுக்கிற வேலை அல்ல. இடைவேளையிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் நடைபாதைகளில் நடந்து, சண்டை விலக்கி, கழிவறையில் கூட்டம் கூடினால் கலைத்து, பிந்தி வரும் பிள்ளைகளுக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி அவளுடையது. யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பதினான்கு வருடத்தில் அது அவளுடையதாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவளுக்குப் பல் வைத்தியரிடம் நேரம் கிடைத்திருந்தது. அவளுக்குப் பதிலாக இரண்டாம் மாடியைப் பார்த்துக்கொண்டவள் தாட்சாயினி. வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மட்டக்களப்பிலிருந்து ஒன்பது வயதில் வந்து இங்கேயே படித்தவள். வயது முப்பத்துநாலு. பிள்ளைகள் அவளைத் 'தாட்ச்' என்று கூப்பிட்டு, கை முட்டியால் முட்டிவிட்டுப் போவார்கள். யோசெப்பினைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்கள்.

ஒன்றரை மணிக்கு யோசெப்பின் திரும்பி வந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. முகத்தில் ஒரு பாதி விறைத்துப்போய், வாயில் பஞ்சு கடித்தபடி படியேறினாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் கதை சொன்னார்கள். அவளால் வாய் திறந்து ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

நடந்தது இதுதான். பத்தாம் வகுப்பு றொக்சன் கணிதப் பரீட்சைக்கு முன் பதற்றம் போகும் என்று யாரோ கொடுத்த ஒரு குளிசையைப் போட்டிருக்கிறான். மருந்துக்கடைக் குளிசை மாதிரியே இருந்த கள்ளக் குளிசை. இரண்டாம் மாடிக் கழிவறையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் கேட்டுத் தாட்சாயினி உள்ளே போயிருக்கிறாள். பையன் சுவரோடு சரிந்து கிடந்தான். உதடு நீலம். தோளைப் பிடித்து உலுக்கியும் அசைவில்லை. கூட வந்த மாணவியை 911ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, தன் இடுப்புப் பையில் வைத்திருந்த, போதையை முறிக்கும் நலொக்சோன் மருந்தை எடுத்து மூக்கின் ஒரு துளையில் அடித்திருக்கிறாள். வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கிறாள். மூன்று நிமிடம் கழித்து அடுத்த துளையில் இரண்டாவது. ஆம்புலன்ஸ்காரர் படியேறி வந்தபோது றொக்சன் எழுந்திருந்து அழுதுகொண்டிருந்தான்.

யோசெப்பினுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்தப் பையனின் குடும்பம் அவளுடைய பங்குக் கோயிலைச் சேர்ந்தது. அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளும் கோயிலில் இருந்தவள். மாதாவே, பிள்ளை தப்பிவிட்டான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு படியிறங்கும்போது, விறைத்த வாய் மெல்ல உயிர்த்து வலிக்கத் தொடங்கிய நேரத்தில், வேறொன்று வந்தது. என் மாடி. நான் இல்லாத ஒரே ஒரு நாள். இதை நினைத்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் அது போகவில்லை.

ஏனென்றால் அந்த மருந்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி முதலில் கேட்டவள் அவள்.

இரண்டு வருடத்துக்கு முன் பங்கில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இப்படித்தான் இறந்துபோனான். பக்கத்தில் இருந்த நண்பர்கள் அவன் நித்திரை கொள்கிறான் என்று நினைத்திருந்தார்கள். அந்த அடக்கப் பூசைக்குப் போய் வந்த பிறகு, யோசெப்பின் ஒரு சனிக்கிழமை முழுக்க சமூக நிலையத்தில் பயிற்சிக்குப் போனாள். மருந்துக்கடையில் இலவசமாகவே ஒரு நலொக்சோன் பெட்டி கொடுத்தார்கள். அதிபருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். மகள் றொஷினி பிரெஞ்சைத் திருத்திக் கொடுத்தாள்.

அதிபர் நல்ல பெண்மணி. கடிதத்தைப் படித்துவிட்டு, நல்ல யோசனை என்றார். ஆனால் பள்ளிக்கூடம் இதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, சட்டம் வந்தால் அடுத்த நாளே வைப்போம், அதுவரை தொழிற்சங்கத்தைக் கேட்க வேண்டும், காப்புறுதியைக் கேட்க வேண்டும் என்றார். பள்ளியின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கடைசி விடயமாக அவளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். கடிதத்தை வாசித்தாள். சுவரில் இதைத் தொங்கவிட்டால் எங்கள் பள்ளியைப் போதைப் பள்ளி என்று சொல்ல மாட்டார்களா என்று ஒரு தகப்பன் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் பேசவில்லை. சொந்தப் பெட்டியையும் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம், மருந்து விடயம், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதிபர் சொன்னார். யோசெப்பின் சொன்னபடி கேட்டாள். பெட்டி வீட்டுக் குசினியில், இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள், மெழுகுதிரிகளுக்கும் பழைய சாவிகளுக்கும் பக்கத்தில் கிடந்தது.

தாட்சாயினி யாரையும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டு, வாங்கி, இடுப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று கிழமைக்குள் எல்லாம் நடந்தது. நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஒவ்வொரு மாடியிலும் சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் தாட்சாயினி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் படம் வந்தது. பிள்ளைகள் அதற்குத் 'தாட்சாவின் பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஆசிரியர்களும் அப்படியே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பங்குப் பிள்ளை ஒருவரின் உயிரைக் காத்த அந்த மட்டக்களப்புச் சகோதரிக்காக மன்றாடுவோம் என்று சுவாமி சொன்னார். தாட்சாயினி டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போகிறவள். யோசெப்பின் பதினெட்டு வருடமாக அந்தப் பங்குக் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிறவள். அவளுக்காக யாரும் எதற்கும் மன்றாடியதில்லை.

வீட்டுக்கு வந்து கறிக்கு வெங்காயம் வெட்டும்போது அதைக் கணவனிடம் சொன்னாள். நீக்கிலாப்பிள்ளை களஞ்சியசாலையில் வேலை செய்பவர். குறைவாகக் கதைப்பவர்.

"ரெண்டு வரியமாக் கத்தினது நான். பேர் அவளுக்கு," என்றாள்.

"ஓம். சரிதான்."

"அண்டைக்கு நான் நிண்டிருந்தா நான்தான் செய்திருப்பன்."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "உன்ர பெட்டி எங்க இருந்தது அண்டைக்கு?"

யோசெப்பின் வெங்காயத்தைத் தொடர்ந்து வெட்டினாள். லாச்சி அவளுக்கு இரண்டு அடி தள்ளித்தான் இருந்தது. அந்தக் கேள்வியை அவள் தனக்குள் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. கேட்ட பிறகு தாட்சாயினிமேல் எரிச்சல் குறைய வேண்டும். கூடியது.

அன்றிலிருந்து எல்லாம் குத்தியது. தாட்சாயினி பிரெஞ்சில் பகிடி விட்டு ஆசிரியர்கள் சிரிப்பது குத்தியது. அவள் இரண்டாம் மாடிக்கு வந்து, "யோசெப்பின் அக்கா, கோப்பி குடிக்க வாறீங்களா?" என்று கேட்பதும் குத்தியது. தன்னைச் சமாதானப்படுத்தக் கூப்பிடுகிறாள் என்று பட்டது. அவளோ எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது றொக்சனின் தகப்பன் றெனோல்ட் அவளிடம் வந்தார். விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரு மாதத்தில் ஐந்து வயது கூடின மாதிரி இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அக்கா, நீங்கள் பள்ளிக்கூடத்தில கனகாலம். எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. எங்களைக் கேக்காமல் பிள்ளைக்கு மருந்து குடுக்க அவைக்கு உரிமை இருக்கே?"

"ஏன் தம்பி கேக்கிறியள்?"

"அவன் தடிமன் காய்ச்சல் குளிசைதான் போட்டனான் எண்டுறான். பரீட்சைக்கு முழிச்சிருந்து களைச்சு விழுந்திருக்கிறான். இந்தத் தாட்சாயினிப் பிள்ளை ஓடிவந்து போதை மருந்துக்கு அடிக்கிறதை அடிச்சு, இப்ப ஊர் முழுக்க எங்கட பிள்ளையை என்னமாதிரிக் கதைக்கினம் தெரியுமே?"

யோசெப்பினுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். அந்தச் சனிக்கிழமைப் பயிற்சியில் முதல் மணித்தியாலமே இதுதான். உயிர் ஆபத்தில் இருக்கிறவருக்கு உதவுவது கியூபெக்கில் ஒவ்வொருவரின் சட்டக் கடமை. நல்ல எண்ணத்தோடு உதவியவரிடம் நட்டஈடு கேட்டுப் போக முடியாது. அந்த மருந்து, உடம்பில் அபின் வகைப் போதை இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரி, ஒரு கெடுதலும் செய்யாது. இதையெல்லாம் அவள் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள்.

"பள்ளிக்கூட விதி எண்டு பார்த்தா," என்று தொடங்கினாள். தன் குரல் இவ்வளவு அமைதியாக வருவது அவளுக்கே புதிதாக இருந்தது. "பெற்றார் கையெழுத்து வைச்ச படிவம் இல்லாமல் ஒரு தலையிடிக் குளிசைகூடக் குடுக்க ஏலாது. அதுதான் விதி."

"அப்ப அந்தப் பிள்ளை செய்தது பிழை?"

"நான் பிழை எண்டு சொல்ல இல்லை. விதியைச் சொன்னனான்."

தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று வழி முழுக்கத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

தை மாதம் முதல் கிழமை முறைப்பாடு வந்தது. றெனோல்ட் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு எழுதியிருந்தார். வட்டாரப் பள்ளிகளையெல்லாம் நடத்தும் பள்ளிச் சபை விசாரிக்கும் வரை தாட்சாயினி வேலைக்கு வரத் தேவையில்லை என்று அறிவித்தார்கள். அதோடு, விசாரணை முடியும்வரை யாரும் தொட வேண்டாம் என்று சுவரில் இருந்த பெட்டிகளைக் கழற்றி, காரியாலய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

முதல் கிழமை யோசெப்பினுக்கு உடம்பு இலேசாக இருந்தது. நடைபாதை பழையபடி அமைதியானது. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் வழி கேட்க அவளிடம் வந்தார். மத்தியானம் ஆசிரியர் அறையில் தாட்சாயினி இருக்கும் கதிரையில் வேறொருத்தி இருந்தாள். நல்ல நித்திரையும் வந்தது. இதை அவள் பின்னாளில் மறுத்ததில்லை.

மூன்றாவது கிழமை, வியாழக்கிழமை மதியம், இரண்டாம் மாடியில் ஒரு பெண்பிள்ளை மாணவர் அலுமாரி வரிசைக்கு முன்னால் தொப்பென்று விழுந்தாள். யோசெப்பின் ஓடினாள். பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது, உதடு வறண்டு கிடந்தது. கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். பயிற்சியில், கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கியிருக்கும் என்று சொன்னார்கள். இது சுருங்கியிருக்கிறதா, இல்லையா? நடைபாதை வெளிச்சத்தில் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"காரியாலயத்துக்கு ஓடு, அலுமாரித் திறப்பைக் கேள்," என்று ஒரு மாணவியை அனுப்பினாள். இன்னொருத்தி 911ஐ அழைத்தாள். போனவள் திரும்பி ஓடி வந்தாள். செயலாளர் சாப்பிடப் போய்விட்டார், சாவி அவருடைய பையில்.

யோசெப்பின் முழங்காலில் இருந்தபடி பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தாள். ஏறுகிறதா? இறங்குகிறதா? நெஞ்சில் கை வைத்தாள். தன் கை நடுங்கியதில் எது தன் நடுக்கம், எது பிள்ளையின் மூச்சு என்று பிரிக்க முடியவில்லை. நாலு நிமிடம் இருக்கும். பிறகு பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மயக்கம் வந்தது என்றாள். வெறும் பசி மயக்கம். ஆம்புலன்ஸ்காரர் பார்த்துவிட்டுப் பழரசம் கொடுத்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகும் யோசெப்பின் அந்த ஆணி ஓட்டைகளைப் பார்த்தபடி தரையிலேயே இருந்தாள். ஒரு மாணவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், றெனோல்டின் வீடு இருக்கும் டொலார்டுக்குக் கார் ஓடினாள். றெனோல்டின் மனைவி ஜொய்சி கதவைத் திறந்தாள். றெனோல்ட் அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். றொக்சன் சாப்பாட்டு மேசையில் புத்தகம் விரித்து வைத்திருந்தான். யோசெப்பின் மேலங்கியைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள்.

"தம்பி, அண்டைக்கு மண்டபத்தில நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னனான்," என்றாள். "மிச்சத்தையும் சொல்லத்தான் வந்தனான்."

சட்டம் என்ன சொல்கிறது என்று சொன்னாள். படிவம் என்பது வழமையான மருந்துக்கு, மூச்சு நின்றுபோகிற பிள்ளைக்கு அல்ல என்று சொன்னாள். றெனோல்ட் முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லேல்லை?"

"எரிச்சல்," என்றாள் யோசெப்பின். "அந்தப் பிள்ளைக்குக் கிடைச்ச பேர் எனக்குக் கிடைக்கேல்லை எண்ட எரிச்சல். வேற ஒண்டும் இல்லை."

அவள் இன்னும் முடிக்கவில்லை. அடுத்ததைச் சொல்லத்தான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

"இன்னொண்டு. அந்த மருந்து வேற எந்த மயக்கத்துக்கும் வேலை செய்யாது. தடிமன் குளிசைக்கும் வேலை செய்யாது, களைப்புக்கும் வேலை செய்யாது. உங்கட பிள்ளை அந்த மருந்துக்குத்தான் எழும்பினவன்."

றெனோல்ட் மகனைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பைப் பார்த்தார். ஜொய்சிதான் பேசினாள். "நீ எனக்குச் சொன்னதை அப்பாவுக்கும் சொல்லு, றொக்சன்."

றொக்சன் புத்தகத்தை மூடினான். "தடிமன் குளிசை இல்லை, அப்பா," என்றான். அதற்கு மேல் தமிழ் வரவில்லை. மிச்சத்தைப் பிரெஞ்சில், தலை குனிந்தபடி, மிக வேகமாகச் சொன்னான். ஒரே ஒரு தரம்தான் என்றான். என்ன குளிசை என்று தனக்கே தெரியாது என்றான். அப்பா சட்டத்தரணியிடம் போன பிறகு சொல்லப் பயமாகிவிட்டது என்றான்.

றெனோல்ட் எழுந்து, கழற்றிய சப்பாத்தைத் திரும்பவும் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஏற்கனவே வழித்துத் துப்பரவாக்கியிருந்த வாசலில் பனி அள்ளும் சத்தம் கேட்டது. வெறும் தார்த் தரையில் பனிச் சவள் உரசுகிற சத்தம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு றொக்சனும் மேலங்கியை மாட்டிக்கொண்டு பின்னால் போனான்.

"அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்து ஒரு நன்றி சொல்லவேணும் எண்டு நான் அண்டையில இருந்து கேக்கிறன்," என்றாள் ஜொய்சி. "இவர் விடேல்லை." யோசெப்பினுக்குத் தேநீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. யோசெப்பினும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த திங்கள் முறைப்பாடு திரும்பப் பெறப்பட்டது. யோசெப்பின் அதிபரிடமும் போய்த் தான் செய்ததைச் சொன்னாள். அதிபர் பேனாவை எடுத்து, இதை எழுத்தில் வைக்க வேண்டியிருக்கிறது என்றார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. பெட்டிகள் திரும்பச் சுவருக்கு வந்தன. இந்த முறை பூட்டு இல்லாமல்.

தாட்சாயினி வேலைக்குத் திரும்பிய அன்று, ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து யோசெப்பின் அவளிடமும் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள். தாட்சாயினி கையில் இருந்த கோப்பிக் குவளையைக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

"மூணு கிழமை வீட்ட இருந்தனான், அக்கா," என்றாள். "அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டா, என்ன பிழை செய்தாய் எண்டு. நான் ஒரு பிழையும் செய்யல்ல எண்டு சொல்லிச் சொல்லி, மறுகா எனக்கே சந்தேகம் வந்துட்டு. அந்தப் பிள்ளைக்கு ரெண்டாவது அடிச்சிருக்கக் கூடாதோ எண்டெல்லாம் யோசிச்சன்."

"அடிக்கத்தான் வேணும். நீ செய்தது முழுக்கச் சரி."

"அதை நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம்." குவளையில் இருந்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். "உங்களோட இப்ப என்னால கதைக்க ஏலாது. கோவம் போனா நானே வாறன்."

மாசியும் பங்குனியும் போயின. தாட்சாயினி வரவில்லை. நடைபாதையில் கண்டால் தலையசைப்பாள். கோப்பிக்குக் கூப்பிடுவது நின்றுவிட்டது. முன்பு குத்திய அந்தக் கூப்பிடுதலை யோசெப்பின் இப்போது இடைவேளை தோறும் எதிர்பார்த்து நின்றாள்.

சித்திரையில் பள்ளிச் சபை தன் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு விதி கொண்டுவந்தது. பெட்டி இருக்க வேண்டும், எல்லா ஊழியருக்கும் பயிற்சி இருக்க வேண்டும், உதவி செய்தவரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. அந்தக் கடைசி வரி தாட்சாயினி கேட்டு வாங்கியது. கூட்டத்தில் அவள் இருபது நிமிடம் பேசினாளாம், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். யோசெப்பின் அதைப் பத்திரிகையில் படித்தாள். படித்தபோது அந்தப் பழைய இடத்தில் திரும்பவும் சுருக்கென்றது. எச்சரிக்கைக் கடிதம், வெட்கம், டொலார்ட் வீட்டின் கதிரை நுனி, எல்லாவற்றுக்கும் பிறகும் சுருக்கென்றது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பயிற்சி கொடுக்க ஆள் தேவைப்பட்டது. முழுநாள் பயிற்சி எடுத்தவள் பள்ளியில் அவள் ஒருத்திதான். நாற்பத்திரண்டு பேரை உடற்பயிற்சிக் கூடத்தில் ஆறு ஆறு பேராகப் பிரித்து, றப்பர் பொம்மையைப் பாயில் கிடத்தி, யோசெப்பின் சொல்லிக் கொடுத்தாள். ஆசிரியர்கள், துப்பரவுத் தொழிலாளர், செயலாளர், அதிபர். தாட்சாயினியும் கடைசிக் குழுவில் வந்து பாயோரம் இருந்தாள். அவளுக்கு இது தேவையில்லை. விதி எல்லோருக்கும் என்பதால் வந்தாள்.

அந்தக் குழுவில் இருந்த இளம் விஞ்ஞான ஆசிரியை, இந்த வருடம் வந்தவள், பொம்மையின் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே கேட்டாள். "இதையெல்லாம் இங்கே முதலில் தொடங்கியது யார்?"

யோசெப்பினுக்குப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தாட்சாயினி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறெதுவும் இருந்ததா என்று யோசெப்பினுக்குத் தெரியவில்லை.

"கடிதம் எழுதினது நான்," என்றாள் தன் உடைந்த பிரெஞ்சில். "மருந்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது அவ. நான் என்னுடையதை வீட்டில் வைத்திருந்தேன்."

தாட்சாயினி கொஞ்சம் நகர்ந்து, பாயின் மடிந்திருந்த மூலையைக் காலால் நிமிர்த்திவிட்டாள்.

"முனை முழுக்க மூக்குக்குள் போக வேண்டும்," என்று யோசெப்பின் ஆசிரியையின் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். "பாதியில் நின்று அழுத்தினால் பிரயோசனம் இல்லை. இப்போது அழுத்துங்கள்."